தல்சோரின் இரண்டு மாப்பிள்ளைகள்

தல்சோர் ஊருக்கு மேலே மலைச்சரிவில் படுத்திருக்கும் பனியாறுகள் இரண்டுமே ஆண்கள். ஊர்கூடிக் கல்யாணம் செய்து வைத்தபோது இது யாருக்கும் தெரியாது. தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. இரண்டும் நன்றாகச் சதை போட்டு வளர்ந்து, ஆளுக்கொரு பக்கம் தனிக்குடித்தனம் வைத்து, மதிய வெயில் ஏறியதும் ஒன்றின் மேல் ஒன்று கல்லெறிய ஆரம்பித்திருந்தன. சண்டை மூத்தால் மறுநாள் மழை, சண்டை இல்லாவிட்டால் பனிமூட்டம் என்று ஊர்க்காரர்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். கல்யாணமாகாத ஆண்கள் குடியிருக்கும் இடம் என்பதால் அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போகும் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்கள். மற்றபடி அந்த ஏற்பாட்டில் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை, தண்ணீர் வரவில்லை என்பதைத் தவிர.

தண்ணீர் குறைந்தால் பனியாற்றுக்குக் கல்யாணம் செய்து வைப்பது பால்டிஸ்தான் மலைகளில் வழக்கம். ஆண் பனியாறு கறுப்பு. உடம்பெல்லாம் கல்லும் மண்ணும், நகரச் சோம்பல், தண்ணீர் விஷயத்தில் மகா கஞ்சன். பெண் பனியாறு வெள்ளை, வெயில் பட்டால் நீலம், கொடுக்கிற கை. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கூடை பனி வெட்டி, கரித்தூளும் உமியும் வைத்துப் பொதிந்து, வெயில் எட்டாத குகையில் ஒன்றாக வைத்து வாயை அடைத்துவிட்டால், சில வருடங்களில் புதுப் பனியாறு பிறந்து கீழே வாய்க்காலுக்கு வழி பார்க்கும். நிபந்தனை இரண்டுதான். தோளில் ஏற்றிய கூடை குகை சேரும்வரை தரையைத் தொடக்கூடாது. சுமப்பவர்களும் கூட வருபவர்களும் அதுவரை வாய் திறக்கக்கூடாது. கட்டிக்கொண்டு போகிற பெண்ணின் காதில் கண்ட பேச்சும் விழுந்தால் அது மனம் கோணி, வழியிலேயே உருகிப் போய்விடும்.

அந்தக் காலத்தில் மாப்பிள்ளைப் பனி பக்கத்து மலையிலேயே கிடைத்தது. பெண்ணெடுக்கக் கணவாய் தாண்டி ஹர்கோங்குக்குப் போக வேண்டும். அனுப்பப்பட்டவன் சஃப்தர். கீழே கப்லு பஜாரில் ஆப்ரிகாட்டும் உப்பும் கம்பளியும் வாங்கி விற்பவன். குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பது அவனுக்குக் கேவலம், மூச்சை முகர்ந்தே வயது சொல்லிவிடுவான். இருட்டறையில் தடவிப் பார்த்துக் கம்பளி எந்தப் பள்ளத்தாக்கு ஆட்டுடையது என்பான். வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுக்க அவன் ஒருநாளும் யார் கடை வாசலிலும் போய் நின்றதில்லை. அதை அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான் என்பதைவிட, அதைச் சொல்லித்தான் வியாபாரமே செய்தான் என்பது சரியாக இருக்கும்.

ஹர்கோங்கில் பனியை வெட்டிக் கொடுக்கும் உரிமை மெஹ்தி என்பவரின் குடும்பத்துக்கு. பனியாற்றின் எதிரில் அதன் விலையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதால், வாங்குபவனும் விற்பவனும் ஒரு சால்வைக்கு அடியில் கையை நுழைத்து விரல்களைப் பிடித்தே பேரம் பேசுவார்கள். மெஹ்திக்கு விரல்கள் இல்லை. வெள்ளைக்காரர்களுக்குச் சுமை தூக்கப் போன ஒரு பருவத்தில் உறைபனி தின்றுவிட்டது. அதனால் அவர் மேற்பார்வை பார்க்க, அவருடைய மகள் கனீஸ் தன் கையை சஃப்தரின் கருஞ்சிவப்புச் சால்வைக்குள் நீட்டினாள். முகத்தில் பாதியை முக்காடு மறைத்திருந்தது. பேரம் சீக்கிரமே படிந்துவிட்டது. ஆனால் படிந்த பிறகும் இரண்டு கைகளும் சற்று நேரம் அங்கேயே இருந்தன. அப்போது அவன் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கரித்தூளில் பொதிந்த பனியின் நிறம் தெரியாது என்பதால் கூடையில் காதை வைத்துக் கேட்க வேண்டும், பெண் பனியானால் உள்ளே சொட்டும், ஆண் பனியானால் முனகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சஃப்தர் கேட்கவில்லை. இதுகாறும் கேட்டிராத ஏதோ ஒன்று அவன் காதில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் பனியாற்றின் நடுவே காற்று அவன் சால்வையைப் பிடுங்கி ஒரு வெடிப்புக்குள் போட்டது. வாய் திறக்க முடியாத விதியால் ஐயோ என்றுகூடச் சொல்லாமல் வந்து சேர்ந்தான்.

முதலில் ஊர் பொறுத்திருந்தது. பெண்ணுக்குக் கூச்சம் என்றான் சஃப்தர். பிறகு, நல்ல குடும்பத்துப் பெண் மெதுவாகத்தான் பழகும் என்றான். கல்லெறி தொடங்கியபோது, புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்றான். உண்மை அவனுக்கு மூன்றாம் வருடமே தெரிந்துவிட்டது. ஒரு மாலை தனியாக ஏறிப்போய் இரண்டு பனியிலும் காதை வைத்துக் கேட்டான், இரண்டும் முனகின. இறங்கி வந்து, சரக்கில் குறை இல்லை என்றான். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவன் சஃப்தர் அண்ணன் ஆனான், பிறகு சஃப்தர் ஹாஜி ஆனார். பஜாருக்குப் பேருந்து வந்தது, ஜீப் வந்தது, மலையேறிகளின் பணம் வந்தது, போனது. எத்தனையோ வரன் வந்தும் அவர் தட்டிக் கழித்தார். மேலே இரண்டு கிழட்டுப் பிரம்மச்சாரிகள், கீழே ஒன்று என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் உண்டு. ஆப்ரிகாட் பூக்கும் மாதத்தில் மட்டும் ஹர்கோங் பக்கம் பார்த்துக்கொண்டு, அன்று சால்வைக்குள் நீட்டிய வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்தபடி, கடையை இழுத்து மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டார்கள். மூட்டுவலியும் இருந்தது.

ஊரின் கடைசி ஊற்று வற்றிய வருடத்தில் விஷயம் முற்றியது. அறுவடைக்குள் தண்ணீருக்கு வழி பிறக்காவிட்டால் எல்லோரும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஷியோக் ஆற்றங்கரை மணல்வெளிக்குக் குடிபோவது என்று முடிவாயிற்று. மணல்வெளியில் ஆப்ரிகாட் மரம் நிற்காது. ஊரின் தொழுகையை நடத்தி வழக்கையும் தீர்க்கும் ஆக்கூன் யூசுஃப், சஃப்தரின் கடைக்கே வந்து, கொடுத்த உப்புத் தேநீரைத் தொடாமல் பேசினார்.

"ஹாஜி, நீங்க ஏமாந்தீங்கன்னு நான் சொல்லல. ஊரு சொல்லல. ஆனா ஹர்கோங்ல சரக்கை மாத்திக் குடுக்கணும்னா வாங்கின ஆளே போயி, பனிக்கு முன்னாடி நின்னு, மோசம் போனேன்னு வாய்விட்டுச் சொல்லணும். அது அவங்க வழக்கம். வேற யாரு போனாலும் நடக்காது."

"நான் வாங்கின சரக்குல என்னைக்கும்..."

"தெரியும். கேட்டிருக்கேன். என் கல்யாணத்தன்னைக்கும் கேட்டேன், என் மகன் கல்யாணத்தன்னைக்கும் கேட்டேன். மரம் எல்லாம் காயுது ஹாஜி."

சஃப்தர் கடைவாசலில் நின்ற மரத்தைப் பார்த்தார். அவர் நட்டது. இலை சுருண்டிருந்தது. மறுநாள் வெளுக்கும் முன்னால், தங்கை மகன் இப்ராஹிமையும் கூடை சுமக்க அவன் கூட்டாளிகள் சிலரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கணவாய் ஏறி மறுபுறம் இறங்கியதும் ஹர்கோங் பனியாறு. பள்ளத்தாக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரே ஆறாகத் தெரிந்தாலும் உண்மையில் அது இரண்டு, இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் கறுப்பு. ஜமக்காளத்துப் பட்டைகள் போல ஒட்டிக்கொண்டே கீழே வரும். கால் வைத்த இடமெல்லாம் காலடியில் ஓடைச் சத்தம். முன்பு வந்தபோது இந்த வழியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது சஃப்தருக்கு ஞாபகம் வந்தது, பாட்டு ஞாபகம் வரவில்லை. சூரியன் ஏறியதும், தான் எடுத்து வைத்திருந்த பொருட்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளத் தொடங்கியது பனியாறு. அது அதன் பழக்கம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும், எப்போது என்பதை மட்டும் அதுவே தீர்மானிக்கும். இப்ராஹிம் ஒரு கெண்டியைக் கண்டெடுத்தான். கைப்பிடியில், அவன் பிறப்பதற்கு முன்பே வந்துபோன யாரோ வெளிநாட்டு மலையேறிகளின் கொடித் துணி கட்டியிருந்தது.

"மாமா, உள்ள டீ இன்னும் சூடா இருக்கு."

"குடிச்சுப் பாரு."

குடித்துப் பார்த்தான். "உப்பு கம்மி. வெண்ணெய் பரவாயில்ல."

சுமைக்காரர்கள் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, கெண்டியை இருந்த இடத்திலேயே வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் மேலே ஒரு வெடிப்பின் விளிம்பில், மடித்து வைத்தது போல, கருஞ்சிவப்புச் சால்வை கிடந்தது. ஈரம் இல்லை. ஓரத்தில் அடுப்புப் பொறி பட்ட ஓட்டை அப்படியே இருந்தது. சஃப்தர் அதை முகர்ந்தார். கம்பளி எந்தப் பள்ளத்தாக்குடையது என்று பார்ப்பதற்காக இல்லை. தோளில் போட்டுக்கொண்டார்.

மெஹ்தி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வெள்ளையும் கறுப்பும் சேரும் இடத்தில் ஒரு கல் குடிசைக்கு முன்னால், கையில் பனிவெட்டும் கோடரியோடு கனீஸ் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டுக்கு வெளியே வந்திருந்த முடி வெள்ளை. வந்தவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"வா யாவாரி. சரக்குல ஏதாவது கொறையா?"

"குறை ஒண்ணும் இல்ல" என்றது சஃப்தரின் வாய், பழக்க தோஷத்தில். பின்னால் இப்ராஹிம் இருமினான்.

"கொறை இல்லைன்னா எதுக்கு இவ்வளவு தூரம்? மூட்டுக்கு நல்லதுன்னு வைத்தியர் சொன்னாரா?"

சஃப்தர் பனியைப் பார்த்துத் திரும்பி நின்றார். தொண்டையைச் செருமினார். ஆற்றங்கரை மணலை நினைத்துக்கொண்டார்.

"மோசம் போனேன்."

"சத்தமா. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"மோசம் போனேன்" என்றார் சஃப்தர், பஜாரில் கூவி விற்கும் குரலில். சத்தமாகப் பேச அவருக்குத் தெரிந்த குரல் அது ஒன்றுதான். பனியாற்றின் வயிற்றுக்குள் எங்கோ ஒரு வெடிப்பு விட்டுக் குலுங்கி அடங்கியது. அவர் எதிர்பார்த்தது போல மானம் போகவில்லை. முதுகிலிருந்து ஏதோ மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலத்தான் இருந்தது.

கனீஸ் கோடரியைக் கீழே வைத்தாள். "எங்க அப்பாவைத் தப்பா நெனைக்காத. அந்தப் பக்கம் கறுப்புல வெட்டிக் கூடையில வெச்சது நான்தான்."

"தெரியாமலா?"

"நான் நடை பழகினதே இது ரெண்டுக்கும் நடுவுல. தெரியாம வெட்டுவேனா?"

"அப்புறம் ஏன்?"

"நல்ல சரக்கு வாங்கிட்டுப் போன யாவாரி எவனும் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. மோசம் போனவன்தான் வருவான். விஷயம் தெரிஞ்சதும் ஓடி வருவ, அப்பாகிட்டக் கத்துவ, நான் டீ போட்டுக் குடுப்பேன், நீ குடிக்க மாட்டேன்னு சொல்லுவ, அப்புறம் குடிப்பன்னு நெனச்சேன். நீ என்னடான்னா கறுப்பை வெச்சே குடும்பம் நடத்திட்டு இருந்திருக்க."

ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்கு சஃப்தர் எவ்வளவு விலை கொடுத்திருக்கிறார் என்பதை, பஜாரிலேயே கெட்டிக்கார வியாபாரியான அவர், அப்போதுதான் கூட்டிப் பார்த்தார். "வேற யாரும் உன்னைக் கேட்டு வரலியா?" என்றார் கடைசியில்.

"வந்தாங்க. ஒருத்தனுக்கும் பேரம் பேசத் தெரியல." எழுந்தாள். "சால்வை கொண்டு வந்திருக்கியே, சும்மா போர்த்திக்கவா?"

சால்வையை விரித்தார்கள். அவர் கை இந்தப் பக்கம், அவள் கை அந்தப் பக்கம் உள்ளே போயின. சஃப்தர் அவள் விரல்களைப் பிடித்ததும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். முகம் இப்போதைய முகம்தான். சால்வைக்கு வெளியே தெரிந்த மணிக்கட்டும் நரம்போடிச் சுருங்கியிருந்தது. ஆனால் உள்ளே இருந்தவை அன்றைய விரல்கள். அதே மெலிவு, அதே சில்லிப்பு, ஆள்காட்டி விரலில் கோடரிப் பிடி போட்ட அதே சின்னக் காய்ப்பு. தடவிப் பார்த்துத் தரம் சொல்வதில் அவர் தவறியதில்லை.

"உன்னோடதும்தான்" என்றாள் கனீஸ், அவர் கேட்காமலே. அப்போதுதான் தன் விரல் மூட்டுகளில் வலி இல்லை என்பதைக் கவனித்தார். பொறி பட்ட ஓட்டை வழியே வெளியே எட்டிப் பார்த்த சுண்டுவிரல் நுனி மட்டும் கிழடாக இருந்தது. அவர் அதை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவள் பழைய விலையையே கேட்டாள். எதையும் பாதிக்குக் கேட்டே பழகிய சஃப்தர், வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் பேரம் முடிவதாக இல்லை. நிழல் பாறை விட்டுப் பாறை மாறியது. சுமைக்காரர்கள் ரொட்டி தின்று முடித்து, கை கழுவி, ஒருவன் சின்னத் தூக்கமும் போட்டு எழுந்தான்.

"சொன்ன விலைக்கு ஒத்துக்கறதுக்கு இவ்வளவு நேரமா மாமா?" என்றான் இப்ராஹிம்.

பிறகு கனீஸ் வெள்ளையில் ஏறி, நீலம் தெரியும் இடமாகப் பார்த்து வெட்டி, பொதிந்து, கூடையில் வைத்தாள். "இந்தத் தடவை காது குடு" என்றாள். சஃப்தர் மண்டியிட்டுக் காதை வைத்தார். உள்ளே சொட்டிக்கொண்டிருந்தது. சுமைக்காரர்கள் கூடையைத் தூக்க வந்தபோது அவள் அவர்களைத் தள்ளிவிட்டு, தோள்வாரில் கையை நுழைத்தாள். "பொண்ணு வீட்டு ஆள் ஒருத்தர் கூட வரணும். பொண்ணு அங்க பழகுற வரைக்கும் இருக்கணும். அது எங்க வழக்கம்." பனி பழக எத்தனை வருடம் ஆகும் என்பது சஃப்தருக்குத் தெரியும். ஆனாலும் அவள் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் கூடையோடு எழுந்து நின்றுவிட்டாள். கூடை ஏறிவிட்டால் பேச்சு இல்லை.

இப்படித்தான் அவர்கள், இத்தனை வருடத்துப் பேச்சையும் வாய்க்குள் அடக்கிக்கொண்டு, பனியாற்றைக் கடந்தார்கள். கெண்டி இருந்த இடத்தைத் தாண்டினார்கள், அது இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இப்ராஹிம் ஆசையோடு அதைப் பார்த்தான், சஃப்தர் அவனை முறைத்தார். கணவாய்க்குக் கீழே சறுக்குக் கற்கள் கிடக்கும் சரிவில் கனீஸின் கால் நழுவியது. கூடை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் பெயர் சஃப்தரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூப்பிட்டால் பனி கெடும், ஊர் போகும், கூப்பிடாவிட்டால் அவள் போவாள். அவர் சால்வை முனையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு, முட்டி தேயச் சரிவில் பாய்ந்து, தன் தோளைக் கூடைக்கு அடியில் கொடுத்தார். கூடை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. கல் உருண்டு போகும் சத்தம் அடங்கும்வரை இருவரும் அப்படியே கிடந்தார்கள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல். அதன் பிறகு அவர் தோளைக் கூடையிலிருந்து எடுக்கவில்லை. கடித்த சால்வையின் கம்பளி நூல் ஊர் வரை அவர் வாயிலேயே இருந்தது.

பொழுது சாயும் நேரத்துக்கு தல்சோர் சரிவை எட்டினார்கள். ஊரே கீழே நின்று, ஒரு குழந்தையின் அழுகைகூட இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மதியம் முழுக்கக் கல்லெறிந்துகொண்டிருந்த இரண்டு பனியாறுகளும், கூடை கண்ணில் பட்டதும், பெண் பார்க்க வந்த வீட்டில் வாலிபர்கள் உட்காருவது போல அடக்கமாகிவிட்டன. இரண்டுக்கும் நடுவே இருந்த குகையில் கூடையை இறக்கி, வழக்கப்படி சிந்து நதித் தண்ணீர் நிரப்பிய சுரைக்குடுவைகளைப் பக்கத்தில் வைத்து, உமி மூடி, கல்லடுக்கினார்கள். ஆக்கூன் யூசுஃப் ஓதி முடித்துக் கையை முகத்தில் தடவியதும் பேச்சுக்குத் தடை நீங்கியது. எல்லோரும் சஃப்தரைப் பார்த்தார்கள்.

"இப்போ சொல்லு" என்றாள் கனீஸ்.

வழியெல்லாம் அவர் எத்தனையோ சேர்த்து வைத்திருந்தார். வாயிலிருந்து கம்பளி நூலை எடுத்துப் போட்டார். "விலை கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

"தெரியும். நல்ல சரக்கு வாங்கினவன் திரும்பி வரமாட்டான். அதான் நானே வந்துட்டேன்."

ஊர் அந்த வருடம் ஷியோக் கரைக்குப் போகவில்லை. குகையின் அடியில் ஈரம் கண்டது, பிறகு கசிவு, அடுத்தடுத்த கோடைகளில் வாய்க்கால். ஒரு பெண்ணுக்கு இரண்டு மாப்பிள்ளை எப்படி என்று சில வாலிபர்கள் கேள்வி கிளப்பினார்கள். ஆக்கூன் யூசுஃப் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கிழக்கே இருப்பது புருஷன், மேற்கே இருப்பது கொழுந்தன் என்று தீர்ப்புச் சொன்னார். கொழுந்தன் இன்றுவரை மரியாதையாக இருக்கிறது, கோடையில் ஒருமுறை மட்டும் கல் எறியும். கனீஸ், பனிப்பெண்ணுக்கு இடம் பழகும்வரை கூட இருக்க வந்தவள்; பழகிவிட்டதாக யாரும் இன்னும் சொல்லவில்லை. சஃப்தருக்கும் அவளுக்கும் நிக்காஹ் அந்த இலையுதிர் காலத்தில் நடந்தது. கல்யாணத்தில் சஃப்தர் தன் சரக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாததை ஆக்கூன் குறிப்பாகக் கவனித்தார்.

கடைக்குப் போகிறவர்கள் இப்போதும் பார்க்கலாம். வேலை ஓய்ந்த நேரத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் கருஞ்சிவப்புச் சால்வையைப் போட்டு, அதற்குள் கையை வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் உப்பு விலையும் கம்பளி விலையும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தேநீர் ஆறிப்போகும். அதைக் குடிக்க யாராவது ஒருவர் கையை வெளியே எடுக்க வேண்டும், அதில் மட்டும் தினமும் பேரம். பொறி பட்ட ஓட்டையைக் கனீஸ் தைத்துவிட்டாள்.